குளிரூட்டிக்குக் கீழே ஒரு வாளி

இரவு பதினொன்றே கால்.
நாரஹேன்பிட்டிக் கட்டடத்தில் விழித்திருப்பது
நானும், வாசல் காவலாளியும்,
மூன்றாம் மாடியில் இரைந்துகொண்டிருக்கும் கணினி அடுக்கும்.

திரையில் வைரசின் மேற்சட்டை.
நானூற்றுத் தொண்ணூற்றைந்து எழுத்து,
இருபதே எழுத்துள்ள அரிச்சுவடியில்.
உயிர் என்று சொல்லவும் முடியாது,
மெய் என்றும் முடியாது.

கோப்பின் தலையில் இவ்வளவுதான்:
கொழும்பு 15. பெண். பதினொரு வயது.
காய்ச்சலின் ஐந்தாம் நாள்.
'முடிவு' என்ற கட்டம் வெறுமை.
யாரோ நிரப்ப மறந்திருக்கலாம்.
நிரப்ப விரும்பாமலும் இருக்கலாம்.

அவர்கள் நான்கு பேர்.
டெங்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஒருவனை வென்ற உடல்
அடுத்தவன் வரும்போது ஏமாறும்:
பழைய காவலனே கைபிடித்துக்
கலத்துக்குள் கூட்டிப் போவான்.

என் முதல் ஆசை தப்பாய்ப் போனது.
நால்வரிலும் மாறாத அந்தச் சிறு வளையம்,
குறிவைக்கச் சுலபம், கட்டுரை எழுதவும் சுலபம்.
மூன்று மாதம் அதைத்தான் துரத்தினேன்.
பிளேன்டீ கலக்கியபடி துலாஞ்சலி கேட்டாள்:
"அது ஏன் இப்பிடித் திறந்து காட்டிக்கொண்டு கிடக்குது,
யோசிச்சனீயா?"

யோசித்தேன்.
நூற்றாறாம் இடத்துக் கிளைசீனைக் கழற்றி
அர்ஜினினைச் செருகி வளையத்தை மூடினேன்.
இப்போது குறி, இரண்டு புரதம்
தோளோடு தோள் சாயும் இடுக்கில்.
உடம்புச் சூட்டில் இரண்டும் பிரிந்துவிடும்.
தையல் போட வேண்டும்.
ஊசி எங்கே இறங்கும் என்பதைத்தான்
இரவு முழுக்க இயந்திரம் கணக்குப் பார்க்கிறது.
ஒரு பானை சோறு வடிவதற்குள்
ஆயிரம் வடிவம் பிறந்து, தொள்ளாயிரத்துச் சொச்சம் சாகும்
ஒருவருக்கும் காய்ச்சல் வராமல்.

காலையில் பி.எச்.ஐ. வந்தார். விஜேக்கோன் என்று பெயர்.
கையில் டோர்ச், நீண்ட கரண்டி, வெள்ளைத் தட்டு.
கூரைப்பீலி பார்த்தார், பூச்சாடி பார்த்தார்,
யாரோ தின்று வீசிய தயிர்ச்சட்டியைக் காலால் புரட்டினார்.
எல்லாம் காய்ந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமை.
பிறகு கணினி அறை.

கணினி சூடாகாதிருக்கக் குளிரூட்டி,
குளிரூட்டி வியர்க்கும் நீருக்கு ஒரு நீல வாளி,
வாளியைக் கொட்ட ஆறு நாளாய் ஆளில்லை.
டோர்ச் வெளிச்சத்தில் குடம்பிகள்,
தலைகீழாய்த் தொங்கி, வாலால் மூச்சு வாங்கி,
எங்கள் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்குப் போயின.
நான் ஓட்டிய எந்த உருவகத்திலும்
இந்த லாவகம் இருந்ததில்லை.

"இங்கே என்ன வேலை செய்கிறீர்கள்?"
சிங்களத்தில் கேட்டார். சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை, அதுதான் சுட்டது.
சிவப்பு நோட்டீசை முழங்காலில் வைத்து எழுதினார்.
ஆய்வுகூடத்தின் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
'டெங்கு' என்பதற்கு மட்டும் கேட்கவில்லை.

வாளியைக் கீழே கொண்டுபோய்
வெயில் கொதிக்கும் சீமெந்தில் கவிழ்த்தேன்.
கறை காயும்வரை நின்றேன்.

பின்னேரம் கணக்கு முடிந்தது.
நான்கு வடிவம் தேறின.
எது எலியிடம் தோற்கும்,
எது ஆறு வருடம் கழித்து ஆயிரம் பேர் நடுவில் தோற்கும்,
திரை சொல்லாது.
மட்டக்குளி மாதிரியை அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு
அந்த வெறுங்கட்டத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்.
பதில் இல்லை இன்னும்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்.
வாளி கொட்டும் முறை:
திங்கள் துலாஞ்சலி, புதன் மஸாஹிமா, வெள்ளி நான்.
ஞாயிறுக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிறும் சொட்டும்.